குஞ்சுக்குச் சூடு எதில் கொடுப்பது?



மார்கழி, தை மழையில் ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் பக்கத்து இரவுகளில் நமக்கே போர்வை போதாது. ஒரு நாள் வயதான கோழிக்குஞ்சுக்கோ இறகு இல்லை, மெல்லிய பஞ்சுதான். முதல் வாரம் அதற்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகையளவில் குறைத்து வரலாம்.

நம்மவர்களின் கை முதலில் போவது கரிச்சட்டிக்கும் குப்பி விளக்குக்கும்தான். இரண்டும் வேண்டாம். கரி புகையாமல் கனன்றாலும் காபன் மொனொக்சைட்டு வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஜன்னல் அடைத்த குசினியில் அது குஞ்சோடு நின்றுவிடாது, பக்கத்து அறையில் உறங்கும் பிள்ளையையும் தொடும். விளக்கு மரத்தூளில் சரிந்தால் வீடே போகும். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதும், எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக்கூடும் என எச்சரித்ததும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. எலி வராத கோழிக்கூடு எங்கே இருக்கிறது?

மின்சாரமுள்ள வீட்டில் பழைய இழை பல்பே நல்லது. எல்.ஈ.டி. பல்பில் வெளிச்சம்தான் உண்டு, குஞ்சைக் காக்கும் சூடு இல்லை. இருபது குஞ்சுக்கு 60 வோட்ஸ் பல்பு ஒன்று. குளிர் கூடினால் இரண்டு. வயரில் மட்டும் தொங்கவிடாமல் கம்பியாலோ சங்கிலியாலோ கட்டுங்கள். காட்போட் பெட்டியிலோ மரத்தூளிலோ பல்பு படக்கூடாது. உடையாதிருக்க டெஃப்லோன் பூசிய பல்புகளும் உண்டு. சூடேறினால் அவற்றின் ஆவி பறவைகளைக் கொல்லும். ஒட்டாத தாச்சியை வெறுமனே காயவிட்டாலும் அதே கதிதான். ஆகவே குஞ்சுப் பெட்டியைக் குசினியில் வைக்காதீர்கள்.

சூடு சரிதானா என்பதைக் குஞ்சுகளே காட்டும். பல்பின் கீழ் குவிந்து கத்தினால் குளிர். ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் வெக்கை. பரவலாகத் திரிந்து தின்றால் நீங்கள் நிம்மதியாகப் படுக்கலாம்.

மின்சாரம் போனால்? 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது! ஆகவே போத்தல்களில் சுடுநீர் நிரப்பி, இறுக மூடி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், ஆறியதும் மாற்றுங்கள். மூச்சுக்கு இடம்விட்டுப் பெட்டியைச் சாக்கால் மூடுங்கள்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் இத்தனை பாடும் மிச்சம். இருட்டிய பின் பத்துக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் சிறகுக்குள் விட்டு, விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கொத்தினால் உடனே பிரித்துவிடுங்கள். அணைத்துக்கொண்டால் பல்பை அணைத்துவிடலாம்.