சிறு நிறுவனம் செர்ன் ஆய்வுக்குப் பொருள் செய்ய முடியுமா? சிம்பாங் பூலாய் யோசிக்க வேண்டிய கதை

ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குப் போகும் சாலை பிரியும் இடம் சிம்பாங் பூலாய். வெளியூர்க்காரர்களுக்கு இங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளும் கல் உடைக்கும் இடங்களும்தான் தெரியும். ஆனால் இங்குள்ள பூலாய் ஜெயா தொழிற்பேட்டையில், செமிகண்டக்டர் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் யூனிசெம் ஆலையும் இருக்கிறது. ஈயமும் ரப்பரும் சோறு போட்ட கிந்தா வட்டாரத்தில், இன்று பலருக்கு வேலை இந்த மாதிரி ஆலைகளில்தான்.

தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டுவது, தூசி இல்லாத அறையில் வேலை பார்ப்பது, ஆயிரம் துண்டில் ஒரு பழுதைக் கண்டுபிடிப்பது. இந்தக் கைத்திறன் உலகின் மிகப்பெரிய இயற்பியல் ஆய்வுக்கும் தேவைப்படுகிறது. அதை ஒரு சிறு நிறுவனம் செய்ய முடியுமா? பெங்களூருவில் ஒரு நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது.

செர்னில் என்ன நடக்கிறது?

சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில், ஜெனீவா அருகே இருக்கிறது செர்ன் ஆய்வு மையம். அங்கே நிலத்துக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு ஓட்டி, நேருக்கு நேர் மோத விடுகிறார்கள். மோதலில் சிதறும் துகள்களைப் பிடித்துப் பதிவு செய்யும் கருவிகளில் ஒன்று சிஎம்எஸ். அதன் எடை மட்டும் 14,000 டன். 2012-இல் ஹிக்ஸ் போசான் கண்டறியப்பட்டதை அறிவித்த இரு ஆய்வுக் குழுக்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவு பெரிய கருவிக்குள் இருப்பதெல்லாம் சின்னச் சின்னப் பாகங்கள்தான். அவற்றில் ஒன்று ‘ஜெம்’ எனப்படும் படலம். 1997-இல் செர்னில் ஃபாபியோ சவுலி என்ற இயற்பியலாளர் உருவாக்கியது.

அந்தப் படலம் எப்படி வேலை செய்கிறது?

50 மைக்ரான் தடிமனுள்ள பாலிமைடு பிளாஸ்டிக் தாள். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இரு பக்கமும் 5 மைக்ரான் செம்புப் பூச்சு. தாள் முழுக்கத் துளைகள்: ஒவ்வொன்றும் சுமார் 70 மைக்ரான் அகலம், துளைக்குத் துளை 140 மைக்ரான் இடைவெளி. உள்ளங்கை அளவுள்ள 10 சென்டிமீட்டர் சதுரத் தாளில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் துளைகள் வரும்.

ஆர்கான், கரியமில வாயு கலந்த பெட்டிக்குள் இந்தத் தாளை வைத்து, இரு செம்புப் பக்கங்களுக்கும் இடையே சில நூறு வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஒரு துகள் பெட்டியைக் கடக்கும்போது வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று வரும். அவை துளைக்குள் நுழைந்ததும் அங்குள்ள கடும் மின்புலத்தில் பெருகும். இப்படி மூன்று தாள்களை அடுக்கினால் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகி, துகள் எங்கே கடந்தது என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு துளை சரியாக அமையாவிட்டால்? அந்த இடத்தில் மின்பொறி பறந்து, தாளே வீணாகிவிடலாம். சிரமம் அங்கேதான் இருக்கு.

பெங்களூருவில் நடந்தது என்ன?

மைக்ரோபேக் என்பது பெங்களூருவில் மின்சுற்றுப் பலகைகள், அதாவது பிசிபி, செய்யும் தனியார் நிறுவனம். பிசிபி வேலையில் செம்புத் தகட்டின் மேல் ஒளி உணரும் பூச்சைத் தடவி, புற ஊதா ஒளியால் வடிவம் பதித்து, தேவையில்லாத செம்பை ரசாயனத்தில் கரைப்பார்கள். ஜெம் படலமும் அடிப்படையில் இதே வழிதான். கூடுதலாக, பாலிமைடையும் சேர்த்துக் கரைக்க வேண்டும்.

செர்னிடமிருந்து தொழில்நுட்ப உரிமம் பெற்று, மைக்ரோபேக் முதலில் 10 சென்டிமீட்டர் தாள்களையும் பிறகு 30 சென்டிமீட்டர் தாள்களையும் செய்தது. டெல்லி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அவற்றை வாங்கி, துளைகளின் அளவு சீராக இருக்கிறதா, மின்கசிவு எவ்வளவு என்று சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள்.

நிறுவனம் மட்டும் தனியாக செர்ன் கதவைத் தட்டியிருந்தால் காரியம் நடந்திருக்காது. பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் நின்று, ‘இது சரி, இது சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மலேசியாவுக்கு வழி இருக்கிறதா?

செர்னுக்குள் நுழைய இரண்டு கதவுகள் உண்டு.

முதல் கதவு, உறுப்பு நாடாக இருப்பது. செர்னின் நேரடிக் கொள்முதல் ஒப்பந்தங்களில் போட்டியிடும் வாய்ப்பு பெரும்பாலும் உறுப்பு நாடுகளுக்கும் இணை உறுப்பு நாடுகளுக்கும்தான். இந்தியா 2017 ஜனவரியில் இணை உறுப்பு நாடானது. அதற்கு ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டும். மலேசியா இந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது கதவு, ஆய்வுக் குழுவில் சேர்வது. மலாயா பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையம் சிஎம்எஸ் குழுவில் இருக்கிறது. குழுவில் இருக்கும் ஒரு நாடு தன் பங்கைப் பணமாக மட்டுமல்ல, பொருளாகவும் கொடுக்கலாம். அந்தப் பொருளைத் தன் நாட்டு ஆலைகளிலேயே செய்துகொள்ளலாம்.

இந்தியா உள்ளே போனதும் இந்த இரண்டாவது கதவு வழியாகத்தான். 1991-இல் செர்னுடன் ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டது. பிறகு, 30 டன்னுக்கும் மேல் எடையுள்ள காந்தங்களைத் தாங்கி, மயிரிழை பிசகாமல் நிறுத்தும் ஏறத்தாழ 7,000 ஜாக்கிகளைச் செய்து அனுப்பியது. இணை உறுப்பு நாடானது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஈப்போ வட்டாரத்துத் திறன் எங்கே பொருந்தும்?

செர்ன் தன் இயந்திரத்தைப் புதுப்பித்து, 2030 வாக்கில் இன்னும் அதிக மோதல்களோடு ஓட்டத் திட்டமிட்டிருக்கிறது. அதற்காக சிஎம்எஸ் கருவியில் பொருத்தவுள்ள புதிய பகுதியில் சுமார் 600 சதுர மீட்டர் சிலிக்கான் இருக்கும். அந்தச் சிலிக்கான் தகடுகளை மின்சுற்றுப் பலகையோடு நுண்கம்பியால் இணைக்க வேண்டும். செமிகண்டக்டர் ஆலைகளில் அன்றாடம் நடக்கிற அதே வேலை. சிம்பாங் பூலாய் ஆலை செர்னுக்கு வேலை செய்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. வேண்டிய கைப்பழக்கம் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் செய்தி.

இதில் பணம் இருக்கிறதா?

அதிகம் இல்லை. ஆர்டர் சிறியது, பல வருஷத்துக்கு ஒருமுறை வருவது. மைக்ரோபேக்கின் தொழிலும் அடிப்படையில் பிசிபிதான். இதை மட்டும் நம்பி யாரும் ஆலை திறக்க முடியாது.

ஆனால் மைக்ரான் கணக்கில் துளை போடக் கற்ற ஆலைக்கு, மருத்துவப் படக் கருவி, துல்லிய உணரி போன்ற வேலைகளும் எட்டும் தூரத்துக்கு வரும். நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, பொதிந்து அனுப்பும் வேலைக்கும் புதிதாக ஒன்றை வடிவமைக்கும் வேலைக்கும் சம்பளத்திலேயே வித்தியாசம் இருக்கு.

கவனிக்க வேண்டியது

செம்பையும் பாலிமைடையும் கரைக்கும் ரசாயனம் கழிவாக வெளியே வரும். கிந்தா மக்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பக்கத்துப் புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது.

ஜெம் படலத்தில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. இருந்தாலும், ‘கழிவு எங்கே போகுது?’ என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் இருந்தால்தான் இந்த வட்டாரம் ஒரு புதுத் தொழிலை நம்பும்.

அடுத்து என்ன?

முதல் அடிக்குப் பெரிய பணம் தேவையில்லை. மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பேராக் ஆலைப் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ‘எங்களுக்கு இந்தப் பாகம் வேண்டும், உங்களால் முடியுமா?’ என்று பேசத் தொடங்கினால் போதும். ஈப்போவிலேயே உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. மாதிரி செய்து பார்க்க மாணவர்களும் இருக்கிறார்கள். உள்ளங்கை அளவுள்ள தாளில் தொடங்குவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். பெங்களூருவிலும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள்.