குத்துவிளக்கும் கல்லாப்பெட்டியும்

நண்பர் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மூன்று தலைமுறை வியாபாரம். போன மாசம் போன் பண்ணி, ‘நம்ம வெப்சைட்டைப் பாருங்க சார், மூணு லட்சம் செலவு பண்ணியிருக்கேன்’ என்றார்.

பார்த்தேன். முதலில் ஒரு குத்துவிளக்கு தானாக எரிந்தது. அப்புறம் வீணை. அப்புறம் தாத்தா படம், அப்பா படம், இவர் படம். ‘எங்கள் லட்சியம்’ என்று ஒரு பக்கம். புடவையைக் காணோம்! தேடிப் பிடித்தால், விலையைக் காணோம். ‘விலைக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்று போட்டிருந்தது. தொடர்பு கொள்வதற்கு போன் நம்பரைக் காணோம்.

‘கடைக்கு வர்ற அம்மாவை வாசல்ல நிறுத்தி, தாத்தா கதையைச் சொல்லி முடிச்சுட்டுத்தான் உள்ளே விடுவீங்களா?’ என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். கோபம் இருக்கட்டும். இந்தக் கேள்வி உங்களுக்கும்தான். ஊறுகாயோ, டியூஷனோ, எதையாவது வெப்சைட்டில் விற்க நினைக்கிறீர்களா? அது உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் இல்லை, கடை. கடையில் முதலில் கண்ணில் பட வேண்டியது சரக்கு. அடுத்தது விலை. அதற்கடுத்தது பில் போடும் இடம்.

அலங்காரத்தால் அழிந்த கதை பழையது. 1999 நவம்பரில் லண்டனிலிருந்து பூ.காம் என்று ஒரு சைட் வந்தது. பெயரைக் கேட்டால் பூக்கடை மாதிரி இருக்கும். விற்றது நாகரிக உடைகள். ‘மிஸ் பூ’ என்று ஒரு பொம்மைப் பெண் திரையில் வந்து வழிகாட்டுவாள். துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். அன்றைக்கு ஜனங்களிடம் இருந்ததோ டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட். பொம்மை வந்து சேர்வதற்குள் வாங்க வந்தவர் போய்விட்டார்! 2000 மே மாதம் கடையை மூடினார்கள். சுமார் பதினெட்டு மாதத்தில் கரைந்தது 13.5 கோடி டாலர். அதற்குப் பிற காரணங்களும் உண்டு, ஊதாரித்தனம் உள்பட. ஆனால், கதவே திறக்காத கடையை யாரால் காப்பாற்ற முடியும்?

இன்னொரு பக்கம் பாருங்கள். ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க வடிவமைப்பு நிபுணர் 2009-ல் எழுதிய அனுபவம் இது. ஒரு பெரிய ஆன்லைன் கடையில், பொருளைக் கூடையில் போட்டுக்கொண்டு பணம் கட்ட வந்தால், ‘முதலில் பெயரைப் பதிவு செய்’ என்று மறித்தது ஒரு பட்டன். அதை எடுத்துவிட்டு ‘தொடரவும்’ என்று மாற்றினார்கள். பதிவு செய்வது உங்கள் இஷ்டம் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். அவ்வளவுதான். வாங்கி முடித்தவர்கள் எண்ணிக்கை 45 சதவிகிதம் கூடியது. முதல் வருஷத்தில் அதிகப்படி விற்பனை 30 கோடி டாலர் என்கிறார். குத்துவிளக்குக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, அலங்காரம் செய்பவர் அப்பாவி. அடுத்த ரகம் அப்பாவி இல்லை. ‘இன்னும் 2 பீஸ்தான் இருக்கு’ என்று பொய் அவசரம் காட்டுவது, கேட்காத இன்ஷூரன்ஸைக் கூடையில் நைஸாகப் போடுவது, கடைசிப் பக்கத்தில் புதுசாக ஒரு கட்டணம் முளைப்பது... இதற்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர். இப்படி 13 தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டு, 2023 நவம்பரில் மத்திய அரசு தடை விதித்திருக்கிறது.

இதில் அமேசான் கதைதான் விசேஷம். ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு 1999-ல் காப்புரிமை வாங்கிய கம்பெனி அது. உள்ளே வர ஒரு கிளிக். பிரைம் சந்தாவிலிருந்து வெளியேற? நாலு பக்கம், ஆறு கிளிக் என்று குற்றம்சாட்டியது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன். அந்த ரத்து முறைக்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் ‘இலியட்’. ஹோமர் எழுதிய நீண்ட போர்க் காவியம்! தவறை ஒப்புக்கொள்ளாமல், 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர சம்மதித்தது அமேசான். அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர.

‘அதனால அமேசான் என்ன நொடிச்சா போச்சு?’ என்பீர்கள். போகவில்லைதான். திமிங்கிலம் அபராதத்தை விழுங்கிவிடும். நீங்கள் திமிங்கிலமா? நான் பி.காம். படித்தவன். ‘குட்வில்’லை விலை கொடுத்து வாங்கினால்தான் கணக்கில் ஏற்றலாம், சொந்தமாகச் சம்பாதித்ததை ஏற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதனால்தானோ என்னவோ, அது குறைவது யார் கண்ணிலும் படுவதில்லை. 80 ரூபாய் டெலிவரி சார்ஜைக் கடைசி வரை ஒளித்து வைத்தால், ஏமாந்தவர் சண்டை போட மாட்டார், திரும்பி வர மாட்டார். அவ்வளவுதான்.

புடவை வாங்கும் பெண்கள் அதைக் கடை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் நிறம் பார்ப்பார்கள். முந்தானையைப் பிரிப்பார்கள், பார்டரைத் தடவுவார்கள். திரையில் தடவ முடியாது. அதனால் பகல் வெளிச்சத்தில் எடுத்த நாலு படம் வேண்டும். பக்கத்திலேயே விலை, டெலிவரி சார்ஜ், எத்தனை நாளில் வரும், பிடிக்காவிட்டால் எப்படித் திருப்புவது, எடுத்துப் பேச ஆள் இருக்கும் ஒரு போன் நம்பர். சாதாரண செல்போனில் சட்டென்று திறக்க வேண்டும். இதற்கு மூணு லட்சம் ஆகாது.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. நேற்று ராத்திரி அவர் சைட்டைத் திறந்தேன். விலை போட்டிருக்கிறார். வீணையைக் காணோம். குத்துவிளக்கு மட்டும் இன்னும் எரிகிறது.