பட்டணத்து வாடகையை யார் கட்டுவது?

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்" என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு நாட்டில் பஞ்சமே இல்லை. ஊரில் பிழைக்க வழியில்லாமல் சென்னைக்கு வந்தவன், மனைவி மக்களையும் அழைத்துவந்து குடித்தனம் நடத்த முடியாமல் திணறுகிறானா? உடனே இந்தக் கனவான்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

"வரவு செலவுக் கணக்கு எழுதப் பழகு" என்கிறார் ஒருவர். "ஒருவன் சம்பளத்தை நம்பிக் குடும்பத்தையே பட்டணத்துக்கு இழுத்துவந்தது உன் குற்றம்" என்கிறார் இன்னொருவர். "மனைவியையும் வேலைக்கு அனுப்பேன்" என்கிறார் மூன்றாமவர். மூவரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியில் வீட்டு வாடகை இருக்கிறதா, இல்லையா? இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

ஒற்றைக் கூலி எப்படி வந்தது?

திருவாரூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. புருஷன் வரப்பு வெட்டவும் மூட்டை தூக்கவும் போகிறான். மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். கிழவி நாலு ஆடு மேய்க்கிறாள். பேரப்பிள்ளைகளையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வீடு கூரை வீடுதான். ஆனால் வாடகை கிடையாது. கூலி சொற்பம்தான், ஆனால் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து அடுப்பு எரிகிறது.

அறுவடை இயந்திரம் வந்தது. அறுப்புக் கூலி போயிற்று. வருஷத்தில் பல மாதம் வேலை இல்லை. புருஷன் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ போய், ஒரு கார் உதிரிபாக ஆலையில் காண்டிராக்ட் தொழிலாளியாகச் சேருகிறான். ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொள்கிறான். பிறகு ஒருநாள் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துவருகிறான். பெற்ற பிள்ளையோடு ஒரே கூரையின்கீழ் தூங்க வேண்டும் என்று நினைப்பது ஊதாரித்தனமா?

அழைத்துவந்த அன்றைக்கே என்ன நடக்கிறது, பாருங்கள்! மனைவியின் நடவுக் கூலி போயிற்று. ஆட்டுக்குட்டி வருமானம் போயிற்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கிழவி இல்லை. ஆகையால் மனைவி வெளியே வேலைக்குப் போகவும் வழியில்லை. இதுவரை இல்லாத வாடகை என்னும் பூதம் வாசலில் வந்து நிற்கிறது. மூன்று பேர் சம்பாத்தியத்தில் நடந்த குடும்பம் ஒற்றைக் கூலிக் குடும்பமாகிவிட்டது. இது சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல. ஊர் பெயர்ந்ததே ஒற்றைக் கூலியை உண்டாக்கியது.

சிக்கனக்காரர்களுக்கு ஒரு கணக்கு

உபதேசிகள் கேட்ட கணக்கை எழுதிப் பார்த்துவிடுவோம். கைக்கு வரும் கூலி மாதம் 18,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு சிறு அறைக்கு வாடகை 7,000. சென்னைக்குள் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கம். புறநகர்தானே, ஆறு மாதம் என்று குறைத்தே வைப்போம். அது 42,000 ரூபாய். கையில் அந்தப் பணம் இருந்தால் அவன் ஏன் ஊரைவிட்டு வருகிறான்? மூன்று வட்டிக்கு வாங்குகிறான். மாத வட்டி 1,260. ஆக, வீட்டுக்கு மட்டும் 8,260 ரூபாய். மிச்சம் 9,740. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 81 ரூபாய். சோறு, பால், காஸ், கரண்டு, தண்ணீர், பஸ், பள்ளிக்கூடம், வைத்தியம், ஊரில் தனியே கிடக்கும் கிழவிக்கு அனுப்பும் பணம், எல்லாம் அதற்குள்தான்!

இதில் எதைச் சிக்கனம் செய்வது, சொல்லட்டும். ரேஷன் அரிசி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு எந்த ஊரில் ரேஷன் கடை இருக்கிறது?

சர்க்காரின் இரண்டு அளவுகோல்

கூலியில் வாடகை சேரவேண்டும் என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. 1957-ல் டில்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே ஒப்புக்கொண்ட விஷயம் அது. உழைப்பவன் ஒருவன், அவன் கூலியில் மூன்று நுகர்வு அலகு கொண்ட குடும்பம் வாழவேண்டும். மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆளுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்குக் கூலியில் 20 சதவிகிதம். வாடகைக்கு என்ன? சர்க்காரின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் தரப்படும் குறைந்தபட்ச வீட்டின் வாடகை. 1991-ல் ரெப்டகாஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பிள்ளைகள் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்கு இன்னும் 25 சதவிகிதம் சேர்க்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறைந்த வாடகை வீடு எங்கே? சர்க்கார் எல்லாத் தொழிலாளிக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தால் அந்த வாடகையைக் கணக்கில் வைப்பது நியாயம். வீட்டைக் கட்டாமலே, கட்டாத வீட்டின் வாடகையைக் கூலியில் எழுதினால் அதற்குப் பெயர் என்ன?

பிந்திய கதை இன்னும் மோசம். மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு 2019 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. நாள் ஒன்றுக்கு 375 ரூபாய் குறைந்தபட்சக் கூலி. பட்டணத்துத் தொழிலாளிக்கு வாடகைப் படியாக நாளைக்கு 55 ரூபாய் வரை, அதாவது மாதம் 1,430 ரூபாய், மேற்கொண்டு தரலாம் என்றது. சென்னையில் 1,430 ரூபாய்க்குக் குடும்பம் இருக்க வீடு கிடைக்குமா? ஆனைப் பசிக்குச் சோளப்பொரி! அந்தப் பொரியையும் சர்க்கார் போடவில்லை. அதே 2019 ஜூலையில் தேசிய அடிமட்டக் கூலியை 176 ரூபாயிலிருந்து 178 ரூபாயாக்கி, இரண்டு ரூபாய் உயர்வை அறிவித்தது.

2020 ஜூலையில் கூலிச் சட்டத் தொகுப்புக்காக மத்திய சர்க்கார் வெளியிட்ட வரைவு விதிகளைப் பாருங்கள். உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 சதவிகிதம் வாடகை என்று அதில் எழுதினார்கள். உணவும் துணியும் 100 ரூபாய் என்றால் வாடகை 10 ரூபாய். எரிபொருள், சில்லறைக்கு மொத்தக் கூலியில் 20 சதவிகிதம். படிப்பு, வைத்தியத்துக்கு 25 சதவிகிதம். கூட்டிப் போட்டால் மொத்தக் கூலி 200 ரூபாய். அதில் வாடகை 10. நூற்றுக்கு ஐந்து! நாம் எடுத்த 18,000 ரூபாய்க் கூலியில் இது 900 ரூபாய். பட்டணம், சிறு நகரம், கிராமம் என்று நாட்டை மூன்றாகப் பிரிக்கவும் அந்த வரைவு சொல்கிறது. ஆனால் வாடகை வாய்பாடு மட்டும் ஒன்றேதான்.

பட்டணத்து வாடகை சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2024 ஜனவரி முதல் மத்திய சர்க்கார் ஊழியருக்கு, சென்னை போன்ற பெருநகரில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம் வாடகைப் படி. சிறிய ஊர்களில் 10 சதவிகிதம். பஞ்சப்படியையும் சேர்த்து மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டாலும் சென்னையில் இது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வருகிறது. அந்த ஊழியர் பெறுவதை நாம் குறை சொல்லவில்லை. அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை, அதுவும் போதாதுதான். ஆனால் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை வாடகை கிராமத்தைவிட மூன்று மடங்கு என்று தெரிந்த சர்க்காருக்கு, இயந்திரத்தின் முன் நிற்பவனைப் பார்த்ததும் அது ஏன் மறந்துபோகிறது?

கிராமம் கட்டும் வரி

கூலியில் வாடகை இல்லையென்றால் அந்தப் பாரம் ஆவியாகிப் போய்விடாது. யாரோ ஒருவர் சுமந்துதான் ஆகவேண்டும். சுமப்பது கிராமம்! ஆலைக்குத் தேவை ஒரு ஜோடிக் கை. அந்தக் கையைப் பெற்று வளர்த்தவள் கிராமத்தில். நாளைக்கு அதே ஆலைக்கு வரப்போகும் பிள்ளையை வளர்ப்பவளும் கிராமத்தில். கை சோர்ந்து திரும்பிப் போனால் கஞ்சி ஊற்றுவதும் கிராமம்தான். முதலாளி ஒருவன் உழைப்புக்கு விலை கொடுத்து, ஒரு குடும்பத்தின் உழைப்பைப் பெற்றுக்கொள்கிறான்.

ஜெர்மனியில் கிராமத்துத் தொழிலாளி தன் வீட்டுத் தோட்டத்தில் விளைவித்துக்கொண்டதை, முதலாளி அவன் கூலியிலிருந்து கழித்துக்கொண்டான் என்று எங்கெல்ஸ் 1887-ல் எடுத்துக்காட்டினார். இங்கே கழிக்கப்படுவது கூரை வீடும் கிழவியின் ஆடும்.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், கைபேசி ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்காக 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 18,720 படுக்கைகள்! ஓர் அறையில் பலர் நெருக்கியடித்துக் கிடந்த பெண்களுக்கு நல்ல கட்டிலும் குளியலறையும் கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் இதிலிருந்து ஒரு விஷயம் விளங்குகிறது. மனம் வைத்தால் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு ஆலைக்குப் பக்கத்திலேயே இடம் கட்ட முடியும். நிலம் இருக்கிறது, பணம் இருக்கிறது. கட்டில் போட முடிந்தவர்களுக்கு அடுப்பங்கரை கட்ட ஏன் முடியவில்லை? கல்யாணமாகிக் குழந்தை பெற்றதும் அந்தப் பெண் எங்கே போவாள்?

"மனைவியை வேலைக்கு அனுப்பு!"

பெண் வேலைக்குப் போகவேண்டும் என்பதில் நமக்கும் இவர்களுக்கும் சண்டை இல்லை. உழைப்பாளிப் பெண் எந்தக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்? நாற்று நட்ட கை அவள் கை. சம வேலைக்குச் சமக் கூலியோடு அவள் வேலைக்கு வரட்டும். அது அவள் உரிமை. ஆனால் ஒருவன் கூலியை வெட்டிவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க அவளை அனுப்பு என்பது உரிமை அல்ல. இரண்டு பேர் உழைப்பை ஒருவர் விலைக்கு வாங்கும் தந்திரம்.

மேலும், குழந்தையை எங்கே விடுவது? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் பேறுகாலச் சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் ஆலையில் அது இருக்கிறதா? அதில் காண்டிராக்ட் தொழிலாளியின் குழந்தைக்கு இடம் உண்டா? முதலில் இதற்குப் பதில் வரட்டும். பிறகு உபதேசம் செய்யலாம்.

கூலி மட்டும் உயர்ந்தால் போதுமா?

போதாது. இதையும் நாம் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். சங்கம் போராடி ஆயிரம் ரூபாய் வாங்கினால், அடுத்த மாதமே வீட்டுக்காரர் ஆயிரம் ஏற்றினால், போராட்டத்தின் பலன் யார் பைக்குப் போயிற்று? ஆலை வருகிறது, சாலை வருகிறது, ரயில் வருகிறது. எல்லாம் ஜனங்கள் பணத்தில், தொழிலாளி உழைப்பில். நிலத்தின் விலை ஏறுகிறது. லாபம் நிலத்தை வளைத்துப் போட்டவனுக்கு.

1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்ற ஒன்று இருந்தது. நடைமுறையில் அது ஏழைக்கு எட்டாக்கனிதான். ஆனாலும் சட்டத்தில் இருந்தது. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. இருவரும் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டதே வாடகை என்றாகிவிட்டது. வீடு வைத்திருப்பவனும், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் அலைபவனும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசுகிறார்களாம்!

பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் ஆலையை நினைத்துப் பாருங்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களால். 1996-ல் ஆலை மூடப்பட்டது. ஆலை நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. வேலை செய்த இடத்தில் தொழிலாளி குடியிருக்க முடியாது. நகரத்துக்குள் குடிசை போட்டவர்களையோ 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். வீடு கிடைத்தது; வீட்டுவேலை செய்துவந்த பெண்கள் பலருக்கு வேலை போயிற்று. வேலை இருக்கும் இடத்தில் வீடு இல்லை; வீடு கொடுத்த இடத்தில் வேலை இல்லை!

நாம் கேட்பது என்ன?

கூலி நிர்ணயத்தில் கற்பனை வாடகை வேண்டாம். அந்த ஊரில் ஒரு குடும்பம் உண்மையில் கொடுக்கும் வாடகையைச் சேர்க்கவேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வாடகைப் படி வேண்டும். வாடகைக்கும் அட்வான்சுக்கும் உச்சவரம்பு வேண்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே தொழிலாளிக் குடும்பங்களுக்கு வீட்டுக்கும், பள்ளிக்கும், குழந்தைக் காப்பகத்துக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு ஆலைச் சங்கமும் அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் வாடகையைத் தனி அயிட்டமாக மேஜைமேல் வைக்கவேண்டும்.

வயலில் நிற்கும் தோழனே, இது பட்டணத்தான் பிரச்சினை என்று ஒதுங்கிவிடாதே. உன் கூலி குறையக் குறைய, ஆலை வாசலில் எந்தக் கூலிக்கும் தயாராக நிற்கும் வரிசை நீளுகிறது. அந்த வரிசையைக் காட்டித்தான் ஆலைக்குள் இருப்பவனை முதலாளி மிரட்டுகிறான். ஆலையில் நிற்கும் தோழனே, கிராமத்தில் நடவுக் கூலி உயர்ந்தால் உன் பேரம் பேசும் சக்தியும் உயருகிறது. ஆகையால் நடவுக் கூலிக்கான போராட்டமும் வாடகைப் படிக்கான போராட்டமும் ஒன்றே.

சிக்கனத்தை நமக்குச் சொல்லித்தர வேண்டாம். பரம்பரை பரம்பரையாக நாம் செய்வது அதுதான். வாடகையைக் கணக்கில் சேர்த்துக் கூலியைக் கொடுக்கட்டும். குடும்பம் நடத்த நமக்குத் தெரியும்.