மானும் கொசுவும் உணர்த்தும் பாடம்

ஓர் ஊரில் எந்த உயிரினம் எங்கே வாழ்கிறது என்பதை இயற்கை மட்டுமே முடிவு செய்வதில்லை. மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட உயர்வு தாழ்வும் அதனை முடிவு செய்கிறது. அந்தமான் தீவுகளே இதற்குச் சான்று.

1858ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவினர். எதிரேயுள்ள ராஸ் தீவு ஆட்சியாளரின் தலைமையிடம் ஆயிற்று. தேவாலயமும் டென்னிஸ் திடலும் நீச்சல் குளமும் அங்கே எழுந்தன. காட்டை வெட்டியும் கல் சுமந்தும் உழைத்தவர்களோ கைதிகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டையாடி மகிழ்வதற்காகப் புள்ளிமான்களையும் ஆங்கிலேயர் இத்தீவுகளுக்குக் கொண்டுவந்தனர். இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. ஆகவே மான்கள் பெருகின. கடலில் நீந்திப் பிற தீவுகளுக்கும் பரவின. அவை இளங்கன்றுகளை மேய்வதால் காட்டின் தரைப்பகுதி வெறுமையாகிறது. அங்கு வாழும் பல்லியினங்களும் குறைகின்றன என ஆய்வாளர் கண்டுள்ளனர். வேட்டையாடியவர் சென்றுவிட்டனர், இழப்பைச் சுமப்பது காடு.

இன்றைய நகரங்களிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் செல்வர் வாழும் பகுதிகளில் தாவர வகைகள் மிகுதி. பால்டிமோர் நகரில், கைவிடப்பட்ட வீடுகள் நிறைந்த ஏழைத் தெருக்களில் கொசுக்கள் மிகுதி.

நாள்தோறும் குழாய்நீர் வராத தெருக்களில் மக்கள் பீப்பாயிலும் குடத்திலும் நீரைச் சேர்த்து வைக்கின்றனர். மூடாத நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுகிறது. மருந்து தெளித்தால் பல மடியும். மருந்தைத் தாங்கும் சில பிழைத்து, அத்திறனைத் தம் வழித்தோன்றல்களுக்கு அளிக்கும். தெளிக்கத் தெளிக்க, மருந்துக்கு அஞ்சாத கொசுக்களே எஞ்சும். இதுவும் பரிணாமமே. இதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டா. சில ஆண்டுகளே போதும்.

‘நீரை மூடி வைக்காதது மக்களின் குற்றமன்றோ?’ எனச் சிலர் வினவலாம். மூடி வைப்பது கடமைதான். ஆயினும் நீரைச் சேர்த்து வைக்கும் நிலையை அவர்கள் விரும்பி ஏற்கவில்லை. மேலும், மருந்தை வென்ற கொசு மாளிகை என்றும் குடிசை என்றும் வேறுபாடு பார்ப்பதில்லை.

எனவே நிழல்தரும் மரமும் தூய நீரும் துப்புரவும் எல்லாத் தெருக்களுக்கும் ஒப்பக் கிடைத்தல் வேண்டும். அது ஏழைகளுக்குக் காட்டும் இரக்கம் அன்று, நீதி. இயற்கையைக் காக்கும் வழியும் அதுவே.