நடுமுன் எண்ணுக

'எண்ணுதல்' என்ற சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் பொருள். நினைத்தல் என்றும் பொருள். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அவ்விரு பொருளும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதன் நியாயத்தை எனக்கு உணர்த்தியது ஒரு கண்மாய்க்கரைப் பொட்டலும், எங்கள் இயற்கை ஆர்வலர் குழு அங்கே செய்த ஒரு பிழையும்தான். ஊருக்கு ஊர் இத்தகைய குழுக்கள் முளைத்து வரும் இக்காலத்தில் அப்பிழையை எழுதிவைப்பது பயன்படும் என்று தோன்றுகிறது.

விருதுநகர் மாவட்டத்தில், நான் பணியாற்றும் கல்லூரி இருக்கும் சிற்றூரில், 2009-இல் குழுவைத் தொடங்கினோம். மாணவர் நால்வர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், அஞ்சலக ஊழியர் ஒருவர், நான் என எழுவர். பதிவு எண் இல்லை. வங்கிக் கணக்கு இல்லை. ஒரே ஒரு பைனாகுலர். மாதத்தின் முதல் ஞாயிறன்று காலை ஆறு மணிக்குக் கண்மாயின் கலுங்கருகே கூடுவோம். கரையைச் சுற்றி நடந்து, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதிவிட்டுத் தேநீர் அருந்திக் கலைவோம். இவ்வளவே எங்கள் செயல்திட்டம்.

முதல் மாதமே என் சாயம் வெளுத்தது. நாரை, குருகு என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவனுக்குக் கண்ணெதிரே நிற்பவற்றுள் எது நாரை, எது கொக்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்ற நூலை முதுகலையில் தேர்வுக்காகப் படித்தவன், அதை அப்போதுதான் உண்மையாகப் படித்தேன். தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே பறவைகளின் வழக்குப் பெயர்களைத் தேடித் தொகுத்த க. ரத்னத்தின் உழைப்பு எத்தகையது என்பதும் அப்போதுதான் புலப்பட்டது. இலக்கியம் பயின்றோர் இத்தகைய குழுக்களில் சேர்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஐந்தாறு ஆண்டுகளில் குழு தேய்ந்தது. மாணவர்கள் மூன்றாண்டில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். இருட்டோடு கிளம்பி வரப் பேருந்து இல்லாததால் மாணவியர் வருவது அரிது. சில ஞாயிறுகளில் நாங்கள் மூவரே நடந்தோம். "சும்மா எண்ணிக்கொண்டே இருந்தால் யார் சார் வருவார்கள்? ஊருக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டாமா?" என்றார் மருந்துக்கடை நண்பர். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அந்த வேளையில்தான், 2016-இல், சேவை அமைப்பு ஒன்று எங்களைத் தேடி வந்தது. ஐந்நூறு மரக்கன்றுகள், குழிதோண்ட இயந்திரம், கம்பிவேலி, அனைவருக்கும் பச்சைப் பனியன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடமும் ஆட்களும் எங்கள் பொறுப்பு. கண்மாய்க்கு மேற்கே நான்கு ஏக்கர் அளவில் ஒரு பொட்டல் உண்டு. செம்மண்ணும் சரளையும், இடையிடையே ஆவாரஞ்செடியும் குட்டைப் புல்லும். 'தரிசு பசுமையாகட்டும்' என்று ஊராட்சியும் மகிழ்ந்து ஒப்புதல் தந்தது.

குழி தோண்டிய அன்று, அங்கே நாள்தோறும் ஆடு மேய்க்கும் பெரியவர் என்னிடம் வந்து, "இதுல குழி போடாதீக சார். ஆக்காட்டி முட்டை வைக்கிற எடம்" என்றார். "மரம் வந்தால் பறவை இன்னும் நிறைய வரும் ஐயா" என்று அவருக்கு விளக்கினேன். ஏழாண்டுகள் பறவை பார்த்தவன் என்ற தெம்பு அந்த விளக்கத்தில் இருந்தது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வேம்பும் புங்கனும் நாவலும் நட்டோம். நாளிதழில் படம் வந்தது. அடுத்த மாத நடைக்கு இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள்.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைத் தமிழ்நாடே அறியும். தண்ணீர் வண்டி வைத்து வாரந்தோறும் ஊற்றிப் பார்த்தோம். 2017 சித்திரையில் நாற்பது கன்றுகள்கூட மிஞ்சவில்லை. வேலி மட்டும் உறுதியாக நின்றது. வழி அடைபட்டதால் ஆடுகள் நெடுஞ்சாலை ஓரமாகச் சுற்றிப் போக நேர்ந்தது. அப்படிப் போகையில் லாரி மோதிப் பெரியவரின் இரண்டு ஆடுகள் செத்தன.

அந்தக் கோடையில் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் எங்கள் பழைய நோட்டுகளை 'ஈபேர்ட்' என்னும் பறவைத் தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் நோட்டும் கையுமாக வந்து, "சார், மஞ்சள்மூக்கு ஆள்காட்டி வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் இருக்கிறது, இந்த வருஷம் மட்டும் இல்லையே, ஏன்?" என்று கேட்டார். வாங்கிப் புரட்டினேன். 2010 முதல் 2016 வரை ஏழு கோடைகள். 'மேற்குப் பொட்டல், இரண்டு இணை.' 'மேற்குப் பொட்டல், முட்டை நான்கு, வெறுந்தரையில்.' அவற்றுள் பாதி என் கையெழுத்து.

மஞ்சள்மூக்கு ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டும் பறவை அன்று. வெட்டவெளியில், சரளைத் தரையில், மண்ணின் நிறத்திலேயே முட்டையிடும். நாலாபுறமும் பகை வருவது தெரிய வேண்டும். அதற்குத் திறந்த நிலம் வேண்டும். நட்ட மரங்கள் பிழைத்திருந்தால் அப்பறவைக்கு அவ்விடம் என்றென்றைக்குமாகப் போயிருக்கும். மரங்கள் செத்தும், குழிகளும் மண்குவியல்களும் தண்ணீர் வண்டியின் போக்குவரத்தும் அந்தக் கோடையைக் கெடுத்திருக்கக்கூடும். வறட்சிக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஒற்றை ஆண்டின் கணக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னது எங்கள் நோட்டிலேயே ஏழாண்டுகளாக எழுதப்பட்டிருந்தது. நாங்கள் எண்ணியிருந்தோம், எண்ணிப் பார்க்கவில்லை.

*

இதை ஒரு தனிக்குழுவின் கவனக்குறைவாக மட்டும் என்னால் கருத முடியவில்லை. நம் சொற்களிலேயே கோளாறு இருக்கிறது. வரி தராத நிலத்தைத் தரிசு என்று எழுதிவைத்தது வருவாய்த்துறையின் கணக்கு. இன்றும் மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்வெளிகள் தரிசின் வகைகளாகவே வருகின்றன. அதிகாரியின் சொல்லை ஆர்வலரும் அப்படியே எடுத்துக்கொண்டோம். பச்சை என்றால் நன்மை, மரம் என்றால் இயற்கை என்று நம்பப் பழகிவிட்டோம். ஐந்திணை பயிற்றுவிக்கும் என் போன்றோர்க்காவது, காட்டுக்கு இருக்கும் உரிமை வெட்டவெளிக்கும் உண்டு என்பது நினைவிருந்திருக்க வேண்டும். ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் பொட்டல்தான் வீடு. ஆடு மேய்ப்பவருக்கு அது பிழைப்பு. வீடும் பிழைப்புமாக இருக்கும் இடத்தை வெற்றிடம் என்று நாம் முடிவு செய்வது எந்த உரிமையில்?

"திட்டம் இல்லாவிட்டால் குழு இல்லை, இளைஞர்க்குக் கைவேலை வேண்டும்" என்ற வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. அந்த ஒற்றைப் படம் எங்களுக்கு இருபத்தெட்டுப் பேரைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவர்களுள் எஞ்சியவர் ஐவர். விழாவுக்கு வந்தவர் விழா முடிந்ததும் போய்விடுகிறார்.

நீடித்து நிற்கும் முயற்சிகளைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. சென்னையில் 1988 முதல் இயங்கிவரும் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் குழுவினர் பங்குனி ஆமைகள் கரையேறும் மாதங்களில் இரவிரவாகக் கடற்கரையில் நடக்கிறார்கள். முட்டைகளைக் காப்பிடத்தில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தலைமுறைகள் மாறியும் நடை மாறவில்லை. தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். இவை எல்லாவற்றிலும் ஒரே சிறு செயல் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப நிகழ்கிறது. திரும்பச் செய்வதில் அலுப்பு உண்டு. அந்த அலுப்பைத் தாங்குவதே இத்துறையில் தொண்டு என்பது என் எண்ணம்.

ஆகவே 2018 முதல் மூன்று கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டோம். எந்த இடத்தில் எந்தத் திட்டம் என்றாலும், அவ்விடத்தின் பன்னிரண்டு மாதப் பதிவுகளைப் படித்த பிறகே முடிவு. இரண்டாவது, அந்நிலத்தைப் புழங்குகிறவர்களைக் கேட்பது: ஆடு மேய்ப்பவர், மீன் குத்தகை எடுத்தவர், விறகு பொறுக்க வரும் பெண்கள். மூன்றாவது, ஆண்டுக்கு இருமுறை எங்கள் பட்டியலை ஊர்ச்சாவடியில் உரக்க வாசிப்பது. பெயர்களை ஊர்வழக்கில்தான் வாசிப்போம். பிழையிருந்தால் அங்கேயே திருத்துவார்கள். நாங்கள் இரண்டாக எழுதியிருந்த ஒரு பறவைக்கு அங்கே மூன்றாம் பெயரும் கிடைத்ததுண்டு.

இக்கட்டுப்பாடுகளால் செயல் நின்றுவிடவில்லை. கண்மாய் வண்டலை விவசாயிகள் அள்ளிக்கொள்ள 2017-இல் அரசு இசைவளித்தபின் டிராக்டர்கள் பொட்டல் வழியே போகத் தொடங்கின. ஓட்டுநர்களிடம் பேசி, முட்டைக்காலமான ஆறு வாரத்துக்கு மட்டும் தடத்தைத் தெற்கே மாற்றச் செய்தோம். செலவு, எல்லாருக்கும் இருமுறை வாங்கித் தந்த தேநீர். படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை. அதற்கு முன் நாங்களே போட்ட வேலியை நாங்களே பிரித்தோம். கன்று நட வந்தவர்களுள் மூவர் வேலி பிரிக்கவும் வந்தார்கள். அவர்கள் இன்றும் குழுவில் இருக்கிறார்கள். மாணவியர் வருவதற்காக நடையைப் பேருந்து நேரத்துக்கு ஏற்ப ஏழு மணிக்கு மாற்றினோம். பறவைகள் சற்றுக் குறைவாகத் தெரிகின்றன. எழுதுகிற கைகள் கூடியிருக்கின்றன.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஆடு போச்சு, அதுக்கென்ன செய்ய" என்று மட்டும் சொன்னார். இழப்பீடு என்று குழுவில் திரட்டித் தந்த பணத்தை முதலில் மறுத்து, பிறகு மனைவி சொன்னதால் வாங்கிக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

2019 மே மாதம் ஓர் இணை திரும்பி வந்தது. அடுத்த கோடையில், ஊரடங்கின்போது, நாங்கள் எவரும் கண்மாய்ப் பக்கம் போக இயலவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக நோட்டில் ஏப்ரல், மே பக்கங்கள் வெறுமையாகப் போகும் என்று இருந்தேன். ஒருநாள் காலை பெரியவர் பேரனின் கைப்பேசியிலிருந்து அழைத்தார். "ரெண்டு சோடி சார். ஒண்ணு முட்டை வச்சிருக்கு, நாலு. எழுதிக்கிட்டீகளா?"

எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரே இருக்கிறது.