இறைத்திட்டம் தலையெழுத்தா?

"நடப்பதெல்லாம் அவன் சித்தம்" என்று சொல்லாத வீடு நம் ஊரில் இல்லை. தேர்வில் தவறினாலும் அவன் சித்தம்; மழை பொய்த்தாலும் அவன் சித்தம்; வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தாலும் அவன் சித்தம். கோயிலுக்குப் போகிறவர் "தலையெழுத்து" என்பார். மாதா கோயிலுக்குப் போகிறவர் "தேவ சித்தம்" என்பார். சொல் வேறு, பெருமூச்சு ஒன்றே. இந்தப் பெருமூச்சுக்கு மறைநூலில் இடம் உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை ஒரகடம் பக்கத்தில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷினில் வேலை செய்துவந்தார். கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்த வேண்டிய சென்சார் பல நாட்களாகப் பழுதாகிக் கிடந்தது. அது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஓர் இரவு ஷிப்டில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு போயின. பார்க்க வந்தவர்கள், "எல்லாம் ஆண்டவர் திட்டம், மனதைத் தேற்றிக்கொள் அம்மா" என்று அவள் தாயிடம் சொல்லிச் சென்றனர்.

அத்தோழி நன்னெறி வகுப்பில் எழுந்து, "சிஸ்டர், கடவுளுக்கு இது முன்பே தெரியுமா? தெரியும் என்றால், என் அப்பாவின் விரல்களை எடுத்தது அவர்தானே?" என்று கேட்டாள். வகுப்பே அடங்கிப்போயிற்று. சிஸ்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "நல்ல கேள்வி. எல்லாரும் விவிலியத்தைத் திறந்து தேடுங்கள்" என்றார்கள். நாங்களும் தேடினோம். கண்டதைக் கீழே தருகிறோம்.

அறிவது வேறு, செய்விப்பது வேறு

இறைவன் எல்லாம் அறிந்தவர் என்பதில் மறைநூலுக்கு ஐயமே இல்லை. நாம் பேச வாயெடுக்கும் முன்பே நம் சொல்லை அவர் அறிவார் என்கிறது 139-ஆம் திருப்பாடல். தாயின் வயிற்றில் உருவாகுமுன்னரே எரேமியாவை அவர் அறிந்திருந்தார். உலகம் தோன்றுமுன்னரே நம்மைக் கிறிஸ்துவில் தெரிந்துகொண்டார் என்று எபேசியருக்கு எழுதுகிறார் புனித பவுல்.

அப்படியானால் நாம் கயிற்றில் ஆடும் பொம்மைகள்தாமா? இக்கேள்வி நமக்கு முன்பே பெரியோர் பலரை வாட்டியிருக்கிறது. புனித அகுஸ்தினார் (354-430) ஓர் எளிய விடை சொன்னார். நேற்று நடந்தது இன்று நம் நினைவில் இருக்கிறது. நாம் நினைப்பதனால் அது நடந்துவிடவில்லை. அதுபோலவே இறைவன் முன்னறிவதனால் எதுவும் கட்டாயமாகி விடுவதில்லை என்றார் அவர்.

புனித தாமஸ் அக்குவினாரின் (1225-1274) உவமை நமக்கு இன்னும் எளிது. சாலையில் நடப்பவன் தனக்குப் பின்னால் வருபவர்களைக் காண்பதில்லை. உயரத்தில் நிற்பவனோ சாலை முழுவதையும் ஒரே பார்வையில் காண்கிறான். நம்மில் பலர் பரங்கிமலையில் ஏறியிருக்கிறோம். கீழே ஜி.எஸ்.டி. சாலையில் இந்தப் பக்கம் ஒரு பேருந்து, அந்தப் பக்கம் ஒரு லாரி. இரண்டையும் நாம் பார்க்கிறோம். அதனால் ஓட்டுநரின் கையிலிருக்கும் ஸ்டியரிங் நம் கைக்கு வந்துவிடுமா? காலம் என்னும் சாலையை இறைவன் நித்தியம் என்னும் மலைமீதிருந்து காண்கிறார். நமக்கு நாளை என்பது அவருக்கு இன்றே.

சேவல் கூவுமுன் பேதுரு மும்முறை மறுதலிப்பார் என்று ஆண்டவர் முன்பே சொன்னார். சொன்னபடியே நடந்தது. ஆனால் பேதுரு, "நீர் சொன்னதனால்தானே செய்தேன்" என்று வழக்காடவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுதார். குற்றம் தம்முடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விவிலியம் காட்டும் மூன்று நிகழ்ச்சிகள்

முதலாவது, கெயிலா நகரம். சவுல் துரத்திவர, தாவீது அந்நகரில் தங்கியிருந்தார். "சவுல் வருவானா? இவ்வூரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா?" என்று இறைவனிடம் கேட்டார். இரண்டுக்கும் "ஆம்" என்றே விடை வந்தது. தாவீது "விதி" என்று உட்கார்ந்துவிட்டாரா? தம் ஆட்களோடு ஊரைவிட்டு வெளியேறினார். சவுல் வரவில்லை, காட்டிக்கொடுப்பும் நிகழவில்லை. நின்றிருந்தால் என்ன நடக்கும் என்பதைக்கூட இறைவன் அறிந்திருந்தார். நிற்பதா போவதா என்னும் முடிவைத் தாவீதிடம் விட்டிருந்தார்!

இரண்டாவது, நினிவே. நாற்பது நாளில் நகரம் அழியும் என்று யோனா முழங்கினார். "ஒருவேளை" என்றோ "ஆனால்" என்றோ அவர் சேர்க்கவில்லை. ஆயினும் அரசன் முதல் ஆண்டி வரை மனம் மாறினர், நகரம் பிழைத்தது. யோனாவுக்குத்தான் கோபம் வந்தது. தம் முன்னறிவிப்பு பலிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. மக்கள் வாழவேண்டும் என்பது இறைவன் ஆசை.

மூன்றாவது, எகிப்தில் யோசேப்பு. ஏழு ஆண்டு வளம், ஏழு ஆண்டு பஞ்சம் என்று பார்வோனின் கனவுக்குப் பொருள் சொன்ன யோசேப்பு அத்தோடு நிற்கவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக் களஞ்சியங்களில் சேர்க்கச் சொன்னார். பஞ்சம் வந்தது, பட்டினிச் சாவு வரவில்லை.

இம்மூன்றிலிருந்தும் நாம் அறிவது என்ன? இறைவன் தம் முன்னறிவில் ஒரு துளியை மனிதருக்குத் தருவாரானால், அது கையைக் கட்டிக்கொள்வதற்கு அன்று. கையை நீட்டி வேலை செய்வதற்கே.

திட்டம் என்பது எது?

வள்ளுவர் ஊழைப் பற்றியும் ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமை பற்றியும் ஓர் அதிகாரம் வைத்தார். ஊழைவிட வலியது வேறில்லை என்று அங்கே சொன்னவர், தளராது முயல்பவர் ஊழையும் புறங்காட்டி ஓடச் செய்வர் என்று இங்கே சொன்னார். விவிலியத்திலும் இப்படி இரண்டு பக்கமும் உண்டு. ஒன்றைக் கிழித்தெறிந்து மற்றொன்றை மட்டும் படிப்பது முறையாகாது.

இதை எப்படி இணைப்பது என்பதில் பெரிய அறிஞர்களே வழக்காடியிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தோமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் இறையருளையும் மனித உரிமையையும் பற்றிப் பல ஆண்டுகள் வாதாடினர். 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், ஒருவரையொருவர் பழிக்கவேண்டாம் என்று சொல்லித் தீர்ப்பு வழங்காமலே வழக்கை நிறுத்திவைத்தார். ஆகவே, பதினைந்து வயதுச் சிறுமியர் அதைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்லவரவில்லை.

ஆனால் திருச்சபை தெளிவாகச் சொல்வது ஒன்று உண்டு. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வழங்கிய மறைக்கல்வி நூலின் 600-ஆம் எண், இறைவனின் நித்திய திட்டத்துக்குள் ஒவ்வொரு மனிதரும் மனமுவந்து தரும் மறுமொழியும் அடங்கும் என்று கற்பிக்கிறது. நாசரேத்தில் நடந்ததும் அதுதானே? உலக மீட்பையே வானதூதர் ஓர் ஏழைப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்காகக் காத்துநின்று கேட்டார்! அன்னை மரியா "ஆகட்டும்" என்றார். அது மிரட்டி வாங்கிய சொல்லன்று.

நம் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்றுப் பிடிபட்டவர் டச்சுத் தளபதி டிலனாய். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்டன் துன்பங்களால் மனமுடைந்திருந்தபோது, அந்தத் தளபதி அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமான அவர், 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். ஒரு போர்த்தோல்வியிலிருந்தும் இறைவன் ஒரு புனிதரை எழுப்பினார். ஆனால் டிலனாய் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். தேவசகாயம் அஞ்சிப் பின்வாங்கியிருக்கலாம். திட்டம் இறைவனுடையது, "ஆம்" என்ற சொல் அவர்களுடையது.

அலை அடித்த அந்த ஞாயிறு

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பிறக்கும் முன்னரே நடந்தது. ஆனால் இவ்வூர்த் தாய்மார் இன்றும் குரல் தழைத்தே பேசும் நாள் அது. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் அலை புகவில்லை. அதே வேளையில் கடற்கரையிலும் கடைவீதியிலும் இருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

"மாதா தன் கோயிலைக் காத்தாள்" என்று பலரும் நன்றி கூறினர். அந்நன்றியை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆலயம் தப்பியது திட்டம் என்றால், மணலில் விளையாடிய குழந்தை இறந்ததும் திட்டமா? அப்படிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆண்டவரும் அப்படிச் சொல்லவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே விடையும் சொன்னார்.

வேறொன்றையும் எண்ணிப் பார்ப்போம். சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை நாகைக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பூசை கண்டு, வீடு திரும்பி, காலைச் சாப்பாடும் முடிக்கக்கூடிய நேரம்! பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று அது இல்லை. ஐதராபாத்தில் நம் நாட்டு மையம் 2007-இல்தான் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா மீண்டும் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. மக்கள் கரையை விட்டு விலகினர். நிலநடுக்கத்தை நாம் தடுக்க முடியாது. அந்த இரண்டரை மணி நேரமோ நம் கையில் இருந்தது.

நம் வாசலுக்கு வந்த வெள்ளம்

வேளாங்கண்ணி தொலைவு என்பவர்களுக்கு அடையாறு அருகில் இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர் வீடுகளில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மழை வானத்திலிருந்து வந்தது உண்மை. ஆனால் ஏரிகளிலும் கால்வாய்களிலும் வீடு கட்டியது யார்? 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. தணிக்கையாளர் "மனிதர்" என்று எழுதிய இடத்தில், நாம் "ஆண்டவர்" என்று எழுதலாமா? அது பக்தி அன்று. பிறர் குற்றத்தை ஆண்டவர் கணக்கில் எழுதுவதாகும்.

பழுதான சென்சாரும் அப்படித்தான். இறைவன் அதை அறிந்திருந்தார், உண்மை. ஆனால் மனிதரும் அறிந்திருந்தனர். ஒரு சிறு பாகத்தை மாற்ற அவர்களுக்குக் கையும் இருந்தது, நாளும் இருந்தது. கல்வாரியைக் குறித்தே புனித பேதுரு, இது இறைத்திட்டப்படி நடந்தது என்றும், சட்டத்துக்கு அடங்காத கைகள் செய்த கொலை என்றும் ஒரே மூச்சில் சொன்னார். சிலுவைக்கே அந்தக் கணக்கு என்றால், பிரஸ் மிஷினுக்கு வேறு கணக்கா?

"அப்படியானால் துன்பத்தில் தேவ சித்தம் என்று ஆறுதல் அடையக் கூடாதா?" என்று நம் பாட்டிமார் கேட்பார்கள். தாராளமாக அடையலாம். இறைவன் எல்லாவற்றினின்றும் நன்மையை விளைவிக்கிறார் என்கிறார் புனித பவுல். எல்லாமே நன்மை என்று அவர் சொல்லவில்லை. அழுகிறவள் தன் வாயால் "உம் சித்தம் ஆகட்டும்" என்றால் அது செபம். செய்யவேண்டியதைச் செய்யாதவர் அவளைப் பார்த்து அதைச் சொன்னால் அது சாக்குப்போக்கு. யோபுவின் நண்பர்கள் இறைவனுக்காக வாதாடுவதாக எண்ணி வாய் ஓயாமல் பேசினார்கள். கடைசியில் இறைவன் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான்.

தோழியரே, "பெண்ணாய்ப் பிறந்தாய், பத்தாவதோடு நிறுத்திக்கொள், உனக்கு எழுதியது அவ்வளவுதான்" என்று யாரேனும் சொன்னால், "எழுதியவர் பேனாவின் ஒரு முனையை என் கையிலும் கொடுத்திருக்கிறார்" என்று பணிவோடு சொல்லுங்கள். பெற்றோரே, எங்கள் நாளையை இறைவன் அறிவார் என்று நம்புங்கள். அதனாலேயே எங்கள் இன்றைக்கு வேண்டியதைச் செய்யுங்கள். அருட்சகோதரியரே, எங்கள் கேள்விகளைக் கண்டு நீங்கள் அஞ்சாதது போலவே நாங்களும் விடைகளைக் கண்டு அஞ்சாதிருக்க மன்றாடுங்கள்.

இறைவனின் திட்டம் பெரிது. அதில் நம் வேலைக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்புவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, படப்பை