மேலே எழும்ப ஒரு குரல் போதும்

மணல் மேடிட்டுக் கிடக்கும் நாட்களில், பழவேற்காடு முகத்துவாரம் வழியாகக் கடலிலிருந்து ஏரிக்குள் நுழைவதுதான் எங்கள் மீன்பிடித் தொழிலில் ஆபத்தான வேலை. படகின் முன்னால் நிற்பவர் அலை உடையும் இடத்தைப் பார்ப்பார். சரியில்லையென்றால் கையை உயர்த்துவார். இன்ஜினைப் பிடித்திருப்பவர் எவ்வளவு மூத்தவரானாலும் படகைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். ஐஸ் கரைகிறது, ஏலக்காரர் காத்திருக்கிறார் என்ற கணக்கெல்லாம் அப்புறம்தான்.

விமானிகளுக்கும் இந்த வழக்கம் உறுதியாக வேண்டும்.

2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் மழையில் இறங்கியது. ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. நிற்க இடம் போதாமல் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். மேலே எழும்பும்படி துணை விமானி சொன்னதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்த விமான விபத்திலும் துணை விமானி அப்படித்தான் எச்சரித்தார். 158 உயிர்கள் போயின.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம் தரையருகே தள்ளாடியது. விமானிகள் இறங்காமல் உடனே மேலே எழுப்பினார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தபோது அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

துணை விமானி ஒருமுறை சொன்னாலே விமானம் மேலே எழ வேண்டும். அதற்காக எந்த நிறுவனமும் எரிபொருள் கணக்குக் கேட்கக் கூடாது. தாமதமானதே என்று பயணிகளும் சண்டைக்குப் போகக் கூடாது.